சனிக்கிழமை மாத்திரை

திங்கட்கிழமை யாஸ்மினுக்கு இரண்டு முறை விடிந்தது. முதலில் சுபுஹு பாங்கு கேட்டு எழுந்து, தொழுதுவிட்டு, மறுபடியும் படுத்தாள். அடுத்து மாமியார் மெகருன்னிசா தேங்காய் துருவுகிற சத்தம் கேட்டு எழுந்தாள். நடுவில் எங்கே போயிருந்தோம் என்று அவளுக்கே தெரியவில்லை. இரவில் போடுகிற அந்தச் சின்ன வெள்ளை மாத்திரை அப்படி. போட்ட கொஞ்ச நேரத்தில் கை, கால் எல்லாம் வேறு யாருடையதோ ஆகிவிடும். காலையில் அவற்றை ஒவ்வொன்றாகத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும்.

தலையணைக்குப் பக்கத்தில் போன் கூவியது.

‘இன்று எத்தனை தடிப்புகள்?’

யாஸ்மின் படுத்தபடியே கைகளைத் திருப்பிப் பார்த்தாள். கழுத்தைத் தடவினாள். இடுப்பைத் தொட்டுப் பார்த்தாள். நேற்று முழுக்க உடம்பில் சிவப்புச் சிவப்பாகத் தடித்து, பூராவும் எரிந்துகொண்டிருந்தது. இன்று ஒன்றுகூட இல்லை. நேற்றைக்குச் சாட்சி சொல்ல ஒரு தழும்புகூட இல்லாமல் துடைத்துவிட்டுப் போயிருந்தது. ‘இல்லை’ என்பதைத் தொட்டாள். ‘அரிப்பு?’ அதற்கும் இல்லை. ‘நேற்றிரவு மாத்திரை?’ ஆமாம். அன்றைய கட்டம் பச்சையானது.

கதையை இந்த வாரம்தான் கையில் எடுத்தவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுவோம். மற்றவர்கள் காப்பி ஆறுவதற்குள் வந்துவிடலாம்.

விருதுநகரில் உள்ள இந்த வீட்டுக்கு யாஸ்மின் மருமகளாக வந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. அவள் கணவன் ஃபரீதுக்குச் சிவகாசியில் பிரஸ். காலண்டரும் பட்டாசுப் பெட்டிக்கு லேபிளும் அடிக்கிறார்கள். அவன் அத்தா சம்சுவும் மணிகண்டராஜின் அப்பாவும் பங்கு சேர்ந்து ஆரம்பித்தது. பெரியவர்கள் இருவரும் போய்விட, இப்போது பிள்ளைகள் இருவரும் பார்த்துக்கொள்கிறார்கள். கல்யாணமான சில மாதத்தில் யாஸ்மினுக்கு உடம்பெல்லாம் தடிக்க ஆரம்பித்தது. வரும், எரியும், அரிக்கும், மறையும். மறுபடி வேறு இடத்தில் வரும்.

இந்தப் பக்கம் இதற்குக் காணாக்கடி என்று பெயர். கண்ணுக்குத் தெரியாத எதுவோ கடித்துவிட்டுப் போகிறதாம். மெகருன்னிசா வெற்றிலையில் மிளகு மடித்துத் தின்னக் கொடுத்தாள். பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் தண்ணீர் ஓதி வாங்கிவந்தாள். கத்திரிக்காய், கருவாடு, முட்டை என்று ஒவ்வொன்றாக அடுப்படியை விட்டு வெளியேற்றினாள். சாப்பாட்டில் ருசி போனதுதான் மிச்சம். கடைசியில் மதுரையில் ஒரு டாக்டரம்மா தெளிவாகச் சொன்னார்: “காரணத்தைத் தேடி அலையாதீங்க. நிறையப் பேருக்குக் காரணமே இருக்காது. ராத்திரி தவறாம மாத்திரை. காலையில தவறாம இந்த ஆப்ல கணக்கு. அதைப் பார்த்து நான் மருந்தைக் கூட்டிக் குறைக்கிறேன்.”

ஃபரீத் அன்றைக்கே ஆப்பை யாஸ்மினின் போனில் ஏற்றி, அவள் போடுவதெல்லாம் தன் போனுக்கும் வந்து சேரும்படி செய்துகொண்டான். அதே வாரம் பிரஸ்ஸில் சீசன் சூடு பிடித்தது. வார நாட்களில் அங்கேயே தங்கிக்கொள்கிறேன், சனிக்கிழமை ராத்திரி வந்து ஞாயிறு காலையில் கிளம்பிவிடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனான். சரி, கதைக்கு வருவோம்.

யாஸ்மின் அடுப்படிக்கு வந்தபோது மெகருன்னிசாவின் முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது. அந்த முகத்தில் எதையும் ஒளித்துவைக்க முடியாது. பக்கத்து வீட்டு முருகேஸ்வரி அவளிடம் ரகசியம் சொல்வதையே நிறுத்திவிட்டாள்.

“உக்காரு புள்ள. ஒரு விசயம். நான் சொன்னேன்னு அவங்கிட்ட சொல்லப்படாது.”

“சொல்லலை மாமி.”

“இன்னைக்கு மத்தியானம் எம்மகன் பிரஸ்ஸை மணிகண்டராஜுக்கே எழுதிக் குடுத்துட்டு வந்துருதான். இங்கன பருப்பு மண்டியில எம் பெரிய மருமகன்கூட உக்காரப் போறான். இனிமே தெனமும் வீட்டுச் சாப்பாடு.”

யாஸ்மினின் மனசு முதலில் குதித்தது. தினமும் ஃபரீத். தினமும் சாயங்காலம் வாசலில் அவன் வண்டிச் சத்தம். பிறகுதான் மற்றது உறைத்தது.

“பிரஸ்ஸையா? அவுகளா? எதுக்கு மாமி?”

மெகருன்னிசா துருவிய தேங்காயைக் கிண்ணத்தில் தட்டினாள். “ஒனக்காகத்தான். அவன் போன்ல பாத்துக்கிட்டே இருந்திருக்கான். வாரம் பூரா பச்சை. ஞாயித்துக்கிழமை மட்டும் செவப்பு. மாத்திரையும் தவறாமப் போட்டிருக்கா, சாப்பாடும் அதேதான், சனிக்கிழமை ராத்திரி புதுசா வீட்டுக்கு வாரது நான் ஒருத்தன்தாம்மாங்கான். அவன் மேல கெடக்க மையி, கெமிக்கலு, அந்த வாடைதான் ஒனக்கு ஆகலையாம்.”

யாஸ்மின் அப்படியே நின்றாள். ஒவ்வொரு சனிக்கிழமையும் ஃபரீத் வந்ததும் நேராகக் குளிக்கப் போவான். வெகுநேரம் தேய்த்துத் தேய்த்துக் குளிப்பான். பிறகு கட்டிலில் உட்காராமல் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பேசுவான். தன் உடம்பில் உள்ள தடிப்புகளைப் பார்த்து அவனுக்கு அருவருப்பாகிவிட்டது என்று அவள் நினைத்திருந்தாள். நினைத்து, அவன் போனபிறகு முகத்தை மூடி அழுதும் இருக்கிறாள்.

“நானும் சிவகாசிக்கு வாரேன் மாமி,” என்றாள்.

“நானே கூப்பிடணும்னு இருந்தேன். நல்ல காரியம், கூட இருக்கணும்லா. பரோட்டா வாங்கிட்டுப் போவோம். அவனுக்கு எண்ணெய்ப் பரோட்டான்னா உசுரு.”

பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தது. காற்று சூடாக, ஒரே சீராக முகத்தில் மோதியது. மெகருன்னிசாவின் மடியில் பரோட்டாப் பொட்டலம். ஊரைத் தாண்டுவதற்குள் யாஸ்மினின் தலை மாமியாரின் தோளில் சாய்ந்துவிட்டது. மாத்திரை இன்னும் அவளை முழுசாக விடவில்லை.

தூக்கத்தில் பிரஸ் தெரிந்தது. ஆனால் கூரை இல்லை. ஆகாயத்திலிருந்து காலண்டர் தாள்கள் மெதுவாக, மிக மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தன. எல்லாம் ஞாயிற்றுக்கிழமைத் தாள்கள். எல்லாத் தேதியும் சிவப்பு. அவற்றுக்கு அந்தப் பக்கம் ஃபரீத் நின்று, கைக்கு வந்த தாளை எல்லாம் கிழித்துக்கொண்டிருந்தான். அவள் அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். சத்தம் வரவில்லை. தாள் இறங்க இறங்க அவன் மறைந்துகொண்டே போனான்.

எங்கோ பொட்டென்று ஒரு சத்தம் கேட்டு விழித்தாள். பஸ் ஆமத்தூரைத் தாண்டியிருந்தது. காய்ந்த காட்டுக்கு அப்பால் ஒரு பட்டாசுக் கம்பெனியில் புது வெடியை மேலே விட்டுச் சோதித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெயிலில் வெளிச்சமும் தெரியவில்லை, நிறமும் தெரியவில்லை. நீலத்தில் ஒரு வெள்ளைப் புகை மட்டும் திரண்டு நின்று, யோசித்து, கரைந்தது. அடுத்தது ஏறியது. அதுவும் அப்படியே. இரவில் பூத்திருந்தால் ஊரே அண்ணாந்து பார்த்திருக்கும். யாஸ்மின் அந்தப் புகை முழுவதும் கரைகிறவரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன்,” என்றாள் மெகருன்னிசா. “மாத்திரை போட்டா இப்பிடித் தூங்கி விழுத. சோத்துத் தட்டுல கை கழுவாம தூங்குனவ நீ. சனிக்கிழமை மட்டும் எப்பிடிப் புள்ள சாமம் வரைக்கும் ரெண்டு பேரும் பேசிக்கிட்டே கெடக்கீக?”

யாஸ்மின் பர்தாவின் நுனியை விரலில் சுற்றினாள்.

மெகருன்னிசா கொஞ்ச நேரம் ரோட்டைப் பார்த்தாள். பிறகு மருமகளைப் பார்த்தாள். பிறகு அவளுக்குப் புரிந்துவிட்டது.

“சனிக்கிழமை போடுறதில்லையா?”

“இல்லை மாமி.”

“போட்டதா அதுல பதிஞ்சிருக்கு?”

“பதியலேன்னா கூவிக்கிட்டே இருக்கும். அவுகளுக்கும் போகும். ஏன் போடலைன்னு கேப்பாக. என்னன்னு சொல்ல? அதான் போட்டேன்னு அமுக்கிருவேன். ஞாயித்துக்கிழமை அரிச்சா அரிச்சுட்டுப் போகுதுன்னு இருந்தேன். ஒரு நாள்தானேன்னு நெனைச்சேன். அவுக இப்பிடி எடுத்துக்கிருவாகன்னு எனக்குத் தெரியாது மாமி, சத்தியமாத் தெரியாது.”

அவள் கண் நிறைந்துவிட்டது. மெகருன்னிசா முந்தானையை எடுத்துத் துடைத்துவிட்டாள். துடைத்தபடியே குரலைத் தாழ்த்தி ஒன்று சொன்னாள்.

“சொல்லாத.”

“மாமி?”

“அவங்கிட்டச் சொல்லாதங்கேன். அவங்க அத்தாவை இந்தப் பிரஸ்ஸுதான் தின்னுச்சு. ஆடிப்பெருக்குக்குக் காலண்டர் மாடல் ஆல்பம் போட்டாகன்னா தீவாளி வரைக்கும் லேபிளு, அதுக்குப் பெறகு காலண்டரு. தை பொறந்தாத்தான் மனுசனைக் கண்ணால காணலாம். வந்தாலும் தூங்கிக்கிட்டேதான் கெடப்பாக. ஒரு நோன்புக்காவது கூட உக்காந்து தொறந்ததில்லை. இப்ப மகனும் போயிட்டான். தானா வீட்டுக்கு வாரேங்கான். வரட்டுமே. இன்னையிலருந்து ஒழுங்கா மாத்திரையைப் போடு, எல்லாம் பச்சையாயிரும். அவனும் சந்தோசமா இருப்பான். யாருக்கு என்ன நட்டம்?”

யாருக்கு நட்டம் என்று யாஸ்மினுக்குத் தெரியும். ஃபரீத் நிறத்திலேயே வளர்ந்தவன். ரோட்டில் போகும்போது வண்டியை நிறுத்தி, ஒரு சுவரைக் காட்டி, இந்த மஞ்சளில் எம்புட்டு சிவப்பு கலந்திருக்கு தெரியுமா என்று கேட்பான். பருப்பு மண்டியில் அவனுக்குத் துவரம்பருப்பின் மஞ்சள் ஒன்றுதான் கிடைக்கும். அதுகூடப் போகட்டும். வாழ்நாள் பூராவும் தன் உடம்பு தன் பெண்டாட்டிக்கு ஆகாது என்று நினைத்துக்கொண்டே இருப்பான். மை போனாலும் அந்த நினைப்பு போகாது.

ஆனால் தினமும் வருவானே. தினமும்.

திருத்தங்கல் வரும்வரை யாஸ்மின் இரண்டு பக்கமும் மாறி மாறிச் சாய்ந்துகொண்டிருந்தாள். மாமியாரின் தோள் மட்டும் அப்படியே இருந்தது.

பிரஸ்ஸில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. நுழைந்ததுமே மை வாடை. அடுக்கடுக்காகக் காயவைத்த தாள்களில் மயில்களும் ரோஜாக்களும், கம்பி மத்தாப்பைப் பிடித்துச் சிரிக்கிற குழந்தைகளும் கிடந்தார்கள். கண்ணாடி அறைக்குள் மேசைக்கு ஒரு பக்கம் மணிகண்டராஜ் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தான். மறு பக்கம் ஃபரீத். மேசையில் பத்திரம்.

ஃபரீத் அவளைக் கண்டதும் எழுந்தான். எழுந்த வேகத்தில் இரண்டு அடி பின்னால் போனான். “நீ எதுக்கு வந்த? இங்கன பூரா மை வாடை. அங்கனயே, கதவுகிட்ட உக்காரு. ஃபேனைப் போடுதேன்.”

ஃபேன் சுவிட்சைத் தொட்ட கையை அவள் பார்த்தாள். முட்டிகளெல்லாம் வெடித்து, தோல் வெளுத்துப் போயிருந்தது. மண்ணெண்ணெய் ஊற்றித் துடைத்து, பிறகு சோப்பு, பிறகு மறுபடி மண்ணெண்ணெய். மெஷினில் வேலை செய்கிறவர்களின் கைகூட அவ்வளவு மோசமாக இல்லை. இந்தக் கையைச் சனிக்கிழமைகளில் அவன் ஜிப்பாப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தது இதற்குத்தானா?

“வாங்கம்மா, வா தங்கச்சி,” என்றான் மணிகண்டராஜ். “நீங்களாவது சொல்லுங்க. அப்பாக்க ரெண்டு பேரும் சேந்து போட்ட மெஷினு. சீசன் உச்சத்துல நிக்கையில பங்கைப் பிரிக்கணும்னு ஒத்தக் கால்ல நிக்கான். காரணம் கேட்டா வாயத் தொறக்க மாட்டேங்கான்.”

“காரணம் இருக்கு மாப்ள. விடு,” என்றான் ஃபரீத்.

மெகருன்னிசா பரோட்டாப் பொட்டலத்தை மேசையில் வைத்தாள். மருமகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, தன் முழங்காலால் அவள் முழங்காலை ஒரு தடவை அழுத்தினாள். அதற்கு அர்த்தம் என்னவென்று இருவருக்கும் தெரியும்.

யாஸ்மின் வாயைத் திறந்தாள். உங்களோடு விழித்திருக்கத்தான் மாத்திரையை விட்டேன் என்று மாமியாரையும் கணவனின் கூட்டாளியையும் வைத்துக்கொண்டு எப்படிச் சொல்வது? ஃபரீத் பேனாவின் மூடியைக் கழற்றினான்.

அவள் போனை எடுத்தாள்.

முந்தாநாளைத் திறந்தாள். ‘இரவு மாத்திரை: ஆமாம்.’ அதை அழுத்தி ‘இல்லை’ என்று மாற்றினாள். ஃபரீதின் சட்டைப் பையில் போன் கூவியது. அவன் கவனிக்கவில்லை. யாஸ்மின் போன சனிக்கிழமைக்குப் போனாள். இல்லை. அவன் பை மறுபடி கூவியது. அதற்கு முந்தின சனிக்கிழமை. அதற்கும் முந்தினது. அவள் விரல் மாதங்களுக்குள் பின்னோக்கி நடந்துகொண்டே இருந்தது. ஆவணியிலிருந்து ஆடிக்கு, ஆடியிலிருந்து ஆனிக்கு. ஒவ்வொரு சனிக்கிழமைக்கும் ஒரு ‘இல்லை’. ஒவ்வொரு ‘இல்லை’க்கும் அவன் நெஞ்சில் ஒரு சத்தம்.

“யாரு மாப்ள, பார்ட்டியா? எடுத்துத்தான் பாரேன்,” என்றான் மணிகண்டராஜ்.

ஃபரீத் எரிச்சலோடு போனை எடுத்தான். பார்த்தான். விரலால் மேலே தள்ளினான். இன்னும் மேலே தள்ளினான். பேனாவைக் கீழே வைத்தான்.

“என்ன யாஸ்மின் இது?”

“தப்பாப் போட்டிருந்தேன் மச்சான். சரி பண்ணுதேன்.”

“சனிக்கிழமை பூராவுமா?”

“நீங்க வந்த எல்லாச் சனிக்கிழமையும்.”

“ஏன்?”

மணிகண்டராஜ் நல்ல மனுஷன். என்ன நடக்கிறது என்று புரியாவிட்டாலும், தான் இருக்க வேண்டிய இடம் இது இல்லை என்பது அவனுக்குப் புரிந்தது. “கலர் ஒதுங்குதுபோல, பாத்துட்டு வாரேன்,” என்று ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த மெஷினைப் பார்க்கப் போனான். மெகருன்னிசா போகவில்லை. ஆனால் சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள்.

“போட்டா தூங்கிருவேன்,” என்றாள் யாஸ்மின். “நீங்க வாரதே வாரத்துல ஒரு நா. அதுலயும் தூங்கிட்டா நான் எப்ப உங்களைப் பாக்க?”

ஃபரீத் சிரிப்பான் என்று அவள் நினைத்திருந்தால் அது நடக்கவில்லை. அவன் முகம் கறுத்தது.

“நான் எம்புட்டுத் தேய்ச்சேன் தெரியுமா? தோலே போயிரும்போல இருந்துச்சு. ஒம் பக்கத்துல உக்காரப் பயந்து நாற்காலியில உக்காந்திருந்தேன். நான் தொட்டா உனக்குக் கெடுதல்னு இருந்தேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?”

“நீங்க சொன்னீகளா? தள்ளித் தள்ளி உக்காந்தீக. என் மேல உள்ள தடிப்பைப் பாத்து உங்களுக்கு அருவருப்பாயிருச்சுன்னுதான் நெனைச்சேன்.”

“அருவருப்பா? எனக்கா?”

ஃபரீத் மேசையைச் சுற்றிக்கொண்டு வந்தான். வழக்கம்போல் நிற்கிற இடத்தைத் தாண்டி வந்தான். அவள் முன்னால் குனிந்து இடது மணிக்கட்டைப் பிடித்தான். எத்தனை நாள் கழித்து. உள்ளங்கை உப்புத்தாள் போல உரசியது. யாஸ்மினுக்கு அழுகையும் வந்தது, அப்படியே அந்த இடத்தில் சாய்ந்து தூங்கிவிடலாம் போலவும் இருந்தது. கண்ணாடிக்கு வெளியே மயில்கள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து இறங்கிக்கொண்டிருந்தன. மெஷின் சத்தம் எங்கோ தூரத்தில் மழை பெய்வதாகக் கேட்டது. அவன் விடவில்லை. அவளும் விடச் சொல்லவில்லை.

மணிகண்டராஜ் திரும்பி வந்தபோது ஃபரீத் அவனிடம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னான். மணிகண்டராஜ் பத்திரத்தை மடித்துத் தன் டிராயருக்குள் போட்டான்.

“இது இங்கன கெடக்கட்டும். அடுத்த திங்கக்கிழமை பாப்போம்.”

“பாத்துருவோம்,” என்றான் ஃபரீத். அவன் குரலில் இன்னும் கொஞ்சம் பயம் பாக்கியிருந்தது. “இந்தச் சனிக்கிழமை நீ மாத்திரையைப் போட்டுட்டுத் தூங்கு. நான் வருவேன். பக்கத்துலதான் இருப்பேன். ஞாயித்துக்கிழமை காலையில பச்சைன்னா பிரஸ்ஸு. செவப்புன்னா கையெழுத்து. உன் உடம்பை வச்சு நான் சூதாட மாட்டேன் யாஸ்மின்.”

பரோட்டாவை நான்கு பேரும் பிய்த்துத் தின்றார்கள். மெகருன்னிசா மட்டும் ஒன்றோடு நிறுத்திக்கொண்டாள்.

திரும்பும்போது வெயில் சாய்ந்துவிட்டது. பஸ் ஆடி ஆடிப் போனது. மெகருன்னிசா ஜன்னலுக்கு வெளியேயே பார்த்துக்கொண்டு வந்தாள். கோபமா என்று கேட்க யாஸ்மினுக்குத் தைரியம் இல்லை.

திருத்தங்கல் தாண்டியதும் மெகருன்னிசாவே ஆரம்பித்தாள்.

“சனிக்கிழமை நீ தூங்கிருவ. அவன் வந்தா சோறு யாரு போடுவா?”

“நீங்கதான் மாமி.”

“ம்.” மெகருன்னிசா முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள். “நீங்க ரெண்டு பேரும் பேசுறது சுவத்துக்கு இந்தப் பக்கம் கேக்கும். வார்த்தை புரியாது, சத்தம் மட்டுந்தான். நான் அதைக் கேட்டுக்கிட்டே கெடப்பேன். எங்கிட்ட அவன் சாப்ட்டீகளாம்மாங்கிறதோட சரி. அவங்க அத்தா மாதிரியே.”

யாஸ்மின் மாமியாரைப் பார்த்தாள். இத்தனை மாதமாக அந்தச் சுவருக்குப் பின்னால் ஒருத்தி விழித்துக் கிடந்ததை அவள் ஒரு தடவைகூட நினைத்ததில்லை. வெட்கமாக இருந்தது. மாமியாரின் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

“சனிக்கிழமை நான் தூங்குன பெறகு அவுகளை உக்கார வச்சு நல்லாப் பேசுங்க மாமி. உங்களுக்கு மாத்திரை ஒண்ணும் கெடையாதுல்ல.”

மெகருன்னிசாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்து முடியாமல் சிரித்தாள். முன் சீட்டில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

அப்போதுதான் அரித்தது.

முதலில் யாஸ்மின் வளையல் என்று நினைத்தாள். வளையலை மேலே தள்ளினாள். இடது மணிக்கட்டில், அவன் பிடித்திருந்த இடத்தில், உள்பக்கமாக, ஒரு தடிப்பு. சின்னது. வெளிர்ச் சிவப்பு. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஓரங்கள் மெல்ல உயர்ந்தன. நேற்று ராத்திரி மாத்திரை போட்டாயிற்று. இன்று திங்கட்கிழமை. திங்கட்கிழமை எதுவும் வந்ததே இல்லை.

டாக்டரம்மா சொன்னதை நினைத்துக்கொண்டாள். அழுத்திப் பிடித்தாலும் வரும், வேர்த்தாலும் வரும், அழுதாலும் வரும், ஒன்றுமே செய்யாவிட்டாலும் வரும். அவளுக்கு அது தெரியும். அவனுக்கும் தெரியும். தெரிந்து என்ன?

மெகருன்னிசாவும் பார்த்துவிட்டாள். சிரிப்பு நின்றது.

“ஒண்ணே ஒண்ணுதான. அதைப் போயி அதுல போடப் போறியா?”

யாஸ்மின் போனைத் திறந்தாள். மத்தியானம் அவ்வளவு ‘ஆமாம்’களை அழித்தவள் இப்போது ஒரு பொய் பச்சையை விட்டுவைக்க முடியாது. இனிமேல் முடியாது. அந்தக் கட்டங்களை நம்பித்தான் ஒருவன் தன் பிழைப்பை எழுதிக்கொடுக்கத் துணிந்தான்.

“போட்டுத்தான் ஆகணும் மாமி.”

‘எத்தனை தடிப்புகள்?’ ஒன்று. ‘காரணம் ஏதாவது தோன்றுகிறதா?’ உணவு, வெயில், தூசி, கவலை, தொடுதல், தெரியவில்லை. விரல் தொடுதலுக்கு மேலே நின்றது. நிஜமாகவே அவளுக்குத் தெரியாது. ‘தெரியவில்லை’யைத் தொட்டாள். காலையில் பச்சையாக இருந்த கட்டம் மஞ்சளானது.

பஸ் ஆமத்தூரில் நின்று ஆள் ஏற்றிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. ஃபரீத்.

அவள் காதில் வைத்தாள். பின்னால் மெஷின் சத்தம் இல்லை. நிறுத்தியிருக்கிறார்கள்.

“ஒண்ணுன்னு வந்திருக்கு,” என்றான். அவன் மூச்சு வாங்குவது கேட்டது. “யாஸ்மின். எந்தக் கையில?”